ட்வீட் ஆற்றோடு போன போசி

1

மாமனாரின் நினைவு நாள் நெருங்குகிறது. நேற்று ரோஸி அலமாரியின் மேல்தட்டிலிருந்து தூக்குப்போசியை இறக்கி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் பக்கத்தில் போனேன்.

“ஏனுங்க, நீங்க தொடாதீங்க. அங்கயே நின்னு பாத்துக்குங்க.”

போன வருடத்திலிருந்து இது எங்கள் வீட்டுச் சட்டம். ரோஸி வீட்டில் இல்லாத நேரத்தில் அதை நடத்திவைப்பது எங்கள் மகள் ஜான்சி. பத்து வயது. தமிழில் திட்ட வராது என்பதால் இந்த ஸ்காட்லாந்து ஊர்ப் பேச்சில் திட்டுவாள். எனக்குப் பாதி புரியாது. அது இருவருக்குமே வசதி.

போசி என்றால் நம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் தூக்குவாளி என்பார்கள். எவர்சில்வர், கைப்பிடி, இறுக்கமான மூடி. இதை ரோஸியின் அப்பா சூசை எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தார். கிணத்துக்கடவில் அடுத்தவர் தென்னந்தோப்பில் ஆயுசுக்கும் மண்வெட்டி பிடித்தவர். தன் சோற்றை நசுங்கிப்போன அலுமினியப் போசியில் கொண்டுபோனவர், மகளுக்கு எவர்சில்வர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாத்திரக்கடையில் பெயரும் வெட்டச் சொன்னார். வெட்டியவர் யாரிடமோ பேசிக்கொண்டே வெட்டினார் போலிருக்கிறது. ‘சூசை மகள் ரோஸ்மேரி’ என்று வரவேண்டியது ‘சூசை மகள் ரோஸ்மாரி’ என்று விழுந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லலாம் என்றேன்.

“மாரின்னா மழைதானுங்களே மாப்ள. நம்மூருக்கு மேரியும் வேணும், மாரியும் வேணும். உடுங்க” என்றார்.

தோப்பில் அவர் போசியைத் திறக்கும்போது யார் எதிரே வந்தாலும் முதல் உருண்டைக் களி அவர்களுக்குத்தான். அதனால் அவர் போன பிறகு, வருடா வருடம் நினைவு நாளன்று கம்பங்களி கிண்டி, மகளுக்கு அவர் தந்த இந்தப் போசியில் வைக்கிறோம். வீட்டுக்கு முதலில் வருகிறவருக்கு முதல் உருண்டை. ரோஸி அப்பாவிடமிருந்து கொண்டுவந்த சொத்து என்றால் அந்தப் போசியும் இந்த வழக்கமும்தான்.

அந்தப் போசியைத்தான் நான் ஆற்றில் விட்டேன்.

2

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும்.

கோயமுத்தூரில் நான் பஞ்சாலை ஃபிட்டர். மில்லை மூடினார்கள். அதே சமயம் ரோஸிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். ஸ்காட்லாந்தின் தென்கோடி, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய மலைநாடு. ஊர் காலாஷீல்ஸ். இங்கே ஒரு கம்பளி மில்லில் எனக்கும் ஃபிட்டர் வேலை. ஊரில் பஞ்சு, இங்கே கம்பளி. காதில் விழும் இரைச்சல் ஒன்றுதான்.

இந்த மலைநாட்டின் பெரிய ஆறு ட்வீட். மேற்கே மேய்ச்சல் குன்றுகளில் ஒரு ஊற்றாகப் பிறக்கிறது. பிறந்த இடத்தில் நம் ஆட்டுக்குட்டி ஒரே தாவில் தாண்டும். வழியில் சின்ன ஆறுகளையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் ஊருக்குள் ஓடும் காலா ஆறும் கொஞ்ச தூரத்தில் அதில்தான் போய் விழுகிறது. அப்புறம் மெல்ரோஸ், கெல்சோ, கோல்ட்ஸ்ட்ரீம், கடைசியில் பெரிக் பட்டணத்தில் கடல்.

இதன் கரையில் அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேருக்கு மாடு திருடுவதுதான் வேலை. தெற்கே இருப்பவர் ராத்திரி வந்து வடக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போவார். அடுத்த வாரம் இவர் போய் அதே மாட்டைத் திருடிக்கொண்டு வருவார். எந்த மாடு எந்த தேசம் என்று மாட்டுக்கே தெரிந்திருக்காது. அந்தக் குடும்பப் பெயர்கள் எல்லாம் இன்றைக்கும் எங்கள் மில் வருகைப் பதிவில் இருக்கின்றன. நல்ல மனிதர்கள். எல்லோரும் தோட்டக் கதவைப் பூட்டித்தான் வைக்கிறார்கள்.

கோட்டுத் துணிக்கு ட்வீட் என்ற பெயர் வந்த கதையை மில்லில் சேர்ந்த முதல் நாளே சொன்னார்கள். இங்கே நெய்த துணிக்கு இவர்கள் வைத்த பெயர் ட்வீல். லண்டனில் ஒரு கடைக்காரர் கையெழுத்து புரியாமல் ட்வீட் என்று படித்துவிட்டாராம். ஆறு இருக்கிறதே, அதன் பெயராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாராம். உண்மையோ பொய்யோ, ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தே பிழைத்த ஊர் என்பதில் இவர்களுக்குப் பெருமை. நானும் என் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்.

ஆற்றின் குறுக்கே கல்லால் கட்டிய தடுப்பணையை இங்கே ‘கால்ட்’ என்கிறார்கள். நொய்யலில் பேரூர்ப் பக்கம் குறுக்கே கட்டித் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்புவார்களே, அதேதான். இவர்கள் மில்லுக்குத் திருப்பினார்கள். சங்கடம் என்னவென்றால், இவர்கள் வாயில் குளிரும் ‘கால்ட்’, சளிப் பிடித்தாலும் ‘கால்ட்’. மூன்றும் நவம்பரில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

3

போன வருடம், ரோஸியோடு வேலை செய்யும் உடுமலைப்பேட்டைப் பெண் ஒருத்தி லீவில் ஊருக்குப் போய் வந்தபோது கம்பு மாவு கொண்டுவந்திருந்தாள். சாம்பல் நிறப் பொடி என்ன என்று ஏர்போர்ட்டில் நிறுத்தி வைத்து, அதிகாரி மாற்றி அதிகாரி மோந்து பார்த்தார்களாம். பை கிழிந்துவிட்டது. போசியை எடுத்துக்கொண்டு போய் மாவை வாங்கி வரச் சொன்னாள் ரோஸி. திங்கட்கிழமை போனேன். வாங்கினேன். மூடியை இறுக்கினேன். அதுவரைக்கும் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

திரும்பும்போது கால்ட் பக்கத்துப் பாலத்தில் எங்கள் மில் மேனேஜர் எதிரே வந்தார். ஒரு கையில் போசியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மட்டும் வணக்கம் வைக்க எனக்கு வரவில்லை. போசியைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன். அவருக்கு இதற்குப் பதில் என்ன செய்வதென்று தெரியாது. வழக்கம்போல் என் கூப்பிய கையைச் சேர்த்துப் பிடித்துக் குலுக்கினார். நல்ல குலுக்கல். என் முழங்கை போசியைத் தொட்டது.

ஓடி இறங்கினேன். போசி மூழ்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் மூடி அப்படி. அணைமேல் ஏறி, சறுக்கி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பாசி வழுக்கி, அணையின் நடுவில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் கிணற்றில் நீச்சல் கற்றவன். கிணற்றில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே இருக்கலாம். இந்தத் தண்ணீர் ஆளை எங்கேயோ கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது.

கரையோரம் குடியிருக்கும் அம்மாள் ஜீன். மில்லில் துணியின் நெசவுக் குறைகளைத் தைத்துச் சரிசெய்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குப் பழக்கம். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

“உன் வீட்டுக்காரர் கால்டில் இருக்கிறார், ஹென்.”

ஹென் என்றால் கோழி. இங்கே பெண்களை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் அம்மணி என்பதுபோல. வந்த புதிதில் வார்டில் ஒரு கிழவர் ஹென் என்றதற்கு ரோஸி ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. இப்போது பழகிவிட்டது. கால்ட்தான் பழகவில்லை.

“எனக்குத் தெரியுங்க, ஸ்வெட்டர் போடச் சொன்னாக் கேக்கறதே இல்ல. ஆவி புடிக்கச் சொல்லுங்க” என்று சொல்லி ரோஸி போனை வைத்துவிட்டாள்.

ஜீன் திரும்பி வந்து கரையில் நின்று என்னிடம் சொன்னார். “நீ ஆவி பிடிக்க வேண்டுமாம்.”

கடைசியில் துணி காயப்போடும் கயிற்றை வீசி அவரே என்னை இழுத்துக் கரை சேர்த்தார். எதற்கு இறங்கினாய் என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. மீன் பார்த்தேன் என்றேன்.

4

சாயங்காலம் ரோஸி மிளகு ரசம் வைத்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் உண்மையைச் சொன்னேன்.

“எங்கப்பன் வாங்கிக் குடுத்தது அது ஒண்ணுதானுங்க” என்றாள். அப்புறம், “ஞாயித்துக்கெழம எங்கப்பன் நெனவு நாளு. அதுக்குள்ள போசி ஊட்டுக்கு வரோணும்” என்றாள். அதோடு பேச்சு நின்றது.

ஜான்சி தன் பள்ளிக்கூட வரைபடத்தை விரித்து, ஆற்றின் மேல் விரலை ஓட்டினாள். “இப்ப மெல்ரோஸ் தாண்டியிருக்கும். நாளைக்கு கெல்சோ. அங்க டிவியட் ஆறு வந்து ஜாயின் ஆகும், கென்?” கென் என்றால் ‘தெரியுங்களா’. அப்பனைத் தவிர எல்லாருக்கும் தெரியும் என்ற தொனியில் சொல்வாள். “பவானி கூடுதுறை மாதிரி” என்றேன். “அது எங்க இருக்கு?” என்றாள். இன்னொரு வரைபடம் வாங்க வேண்டும்.

மறுநாள் நகராட்சி ஆபீஸில் தொலைந்த பொருள்களுக்கான கவுன்ட்டரில் போய் நின்றேன். போசிக்கு இங்கிலீஷில் என்ன என்று வழியெல்லாம் யோசித்தும் வரவில்லை. பெயர் பெயர்தானே என்று அப்படியே சொன்னேன். எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினோம். எனக்குப் புரிந்தபடி தருகிறேன்.

“சார், என் மனைவியின் போசி ஆற்றோடு போய்விட்டது.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “எப்போது நடந்தது?”

“திங்கட்கிழமை.”

“மிகவும் வருந்துகிறேன்.”

“அவளுக்கும் ரொம்ப வருத்தம் சார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதே இல்லை.”

அவர் எழுந்து உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. இத்தனை வருடத்தில் விசா ஆபீஸ் முதல் வீட்டுவரி ஆபீஸ் வரை ஏறி இறங்கியிருக்கிறேன், டீ கொடுத்த முதல் கவுன்ட்டர் அதுதான். அடையாளம் ஏதாவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார். அவள் பெயரும் அவள் அப்பா பெயரும் இருக்கும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“காலம்தான் ஆற்றும்” என்றார்.

“ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆற்றினால் நல்லது சார்” என்றேன்.

அங்கிருந்து பஸ் பிடித்து மெல்ரோஸ். ஒரு பழைய ராஜாவின் இதயத்தை மட்டும் ஈய டப்பாவில் வைத்துப் புதைத்த மடம் அங்கே இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். போசியைப் பற்றிக் கேட்டேன், அதே வாக்கியம். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“எவர்சில்வரா? எழுத்தெல்லாம் பொறித்து?”

“அதேதான்.”

“அவள் நேற்று மாலையே போய்விட்டாள். அமைதியாகப் போனாள்.”

படகைக்கூட இவர்கள் ‘அவள்’ என்பார்கள், அதனால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. “மூடி திறந்திருந்ததா?” என்றேன்.

“என்னவென்று தெரியாமல் நான்தான் திறந்தேன். மன்னித்துக்கொள். பார்த்ததும் மூடி, ஒரு ஜெபம் சொல்லி, ஆற்றிலேயே அனுப்பிவைத்தேன்.”

“அதனால் என்னங்க. இறுக்கி மூடினீர்களா?”

மூடினேன் என்றார். ரொம்ப நன்றி என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எதற்கு ஜெபம், ஏன் திருப்பி ஆற்றில் விட்டார் என்று கேட்க நினைத்தேன். மீனையும் இவர்கள் பிடித்துப் பிடித்துத் திருப்பி விடுகிறவர்கள். ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அடுத்தடுத்த நாளும் தேடிப் போனேன். கெல்சோவில் ஒருவர் பார்த்தாராம், திறந்தாராம், மூடி அனுப்பினாராம். ஆயிரம் வருடமாகப் பட்டாளங்களும், ஓடிப்போய்க் கல்யாணம் கட்டியவர்களும் ஆறு தாண்டிய கோல்ட்ஸ்ட்ரீமில், ஒரு அம்மாள் போசிக்கு இரண்டு ரோஜாப்பூவும் வைத்து அனுப்பினாராம். ஒருத்தர்கூடக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு மரியாதையான திருட்டு வம்சத்தை நான் பார்த்ததில்லை.

5

சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். நைட் டூட்டி முடித்து அப்போதுதான் வந்திருந்த ரோஸி போய்த் திறந்தாள். ஜீன் நின்றிருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் கேக், சிவந்த கண்.

ஜீன் ரோஸியையே பார்த்தார். கேக்கைப் பார்த்தார். மறுபடி ரோஸியைப் பார்த்தார்.

“நீ இருக்கிறாயா, ஹென்?”

“இருக்கறனுங்க. உள்ள வாங்க.”

ஜீன் உட்கார்ந்து மூச்சு வாங்கி விஷயத்தைச் சொன்னார். அவருடைய அக்கா பெக், பெரிக் பட்டணத்தில் இருக்கிறார். தினமும் ஆற்று முகத்துவாரத்தில் அன்னங்களுக்கு ரொட்டி போடுகிறவர். நேற்று அன்னங்கள் சுற்றி நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன. எவர்சில்வர் கலசம், உள்ளே சாம்பல். ஆற்றோரம் முழுக்க இதே பேச்சாம். உங்கள் ஊரில் மில்லில் வேலை செய்யும் இந்தியர் ஒருவரின் மனைவி ஆற்றோடு போய்விட்டாளாம், பாவம், அவளுடைய அஸ்திதான் இது என்று பெக் போனில் அழுதிருக்கிறார்.

“மில்லில் இந்தியர் நீ ஒருத்தன்தானே, சாம். நீ அவர்களிடம் என்னதான் சொன்னாய்?”

“என் மனைவியின் போசி போய்விட்டது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள்.”

ஜீனும் ஜான்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜான்சி தரையில் படுத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். ஜீன்தான் விளக்கினார். இங்கிலீஷில் போசி என்றால் பூச்செண்டு. கையில் பிடிக்கிற சின்னப் பூச்செண்டு. மனைவிக்கான பூவை ஆற்றில் விட்டுவிட்டுக் கரையோரம் தேடி அலைகிறவனை ஊர் என்னவென்று நினைக்கும்?

“ஏன் கண்ணு, இது உனக்குத் தெரியாதா?” என்றேன் ஜான்சியிடம்.

“நீங்க தமிழ்ல தேடறீங்கன்னு நெனச்சேன்.”

ரோஸி அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“ஏனுங்க, என்னைக் கொன்னுபோட்டு டீ வேற குடிச்சுட்டு வந்தீங்களா?”

6

ஜீன் தன் அக்காவுக்குப் போன் செய்து பார்த்தார். எடுக்க ஆளில்லை. ஜீனின் காரிலேயே நான்கு பேரும் கிளம்பினோம். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து. பெரிக் பட்டணம் இரண்டு தேசத்துக்கும் மாறி மாறிக் கைமாறி, அலுத்துப்போய் இங்கிலாந்தில் நின்றுவிட்ட ஊர். நாங்கள் விசாவுக்கு எத்தனை வரிசையில் நின்றோம். போசியை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெக் வீட்டில் இல்லை. பக்கத்துக் கோயிலில் இருந்தார். உள்ளே போனோம். முன்னால் மேஜையில் வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, நடுவே எங்கள் போசி. சுற்றிப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். ஆற்றோடு போன போசிக்கு ஈடாக ஆளுக்கொரு போசி கையில். நிஜப் போசி, பூவால் கட்டியது.

பாதிரியார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “உங்கள் மனைவி...”

“பக்கத்தில் நிற்கிறாள் ஃபாதர்.”

“அந்தப் பேரு என்னோடதுதானுங்க” என்றாள் ரோஸி. நான் இங்கிலீஷில் சொன்னேன். மீதியை அவளே சொன்னாள். “ஆனால் நான் சாகவில்லை. நைட் டூட்டி முடிந்து வந்திருக்கிறேன், அதனால் அப்படித் தெரியும்.”

பெக் போசியைக் காட்டி மெதுவாகக் கேட்டார். “அப்படியானால் உள்ளே இருப்பது யார்?”

“அது நாளைக்குச் சாப்பிடுவதற்கு” என்றாள் ரோஸி.

பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். ஜான்சி முன்னால் போய், இந்த ஊர்ப் பேச்சிலேயே, அது மாவு, களிக்கு, என் அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்று மூன்று விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முதலில் சிரித்தது பெக். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. பாதிரியார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடித்ததும் சங்கடம் வந்தது. பூவை எடுப்பதா, வைப்பதா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். ஒரு அம்மாள் மெழுகுவத்தியை ஊதக் குனிந்தார்.

“வேண்டாங்க, அணைக்காதீங்க” என்றாள் ரோஸி. அவசரத்தில் தமிழ்தான் வந்தது. அந்த அம்மாளுக்கு எப்படியோ புரிந்து நிமிர்ந்துவிட்டார். “நாளைக்கு என் அப்பாவின் நினைவு நாள். இதில் அவர் பெயரும் இருக்கிறது. இந்தப் பூவெல்லாம் அவருக்கென்று இருக்கட்டும்.”

பாதிரியார் போசியை அவளிடம் நீட்டினார். படித்துக் காட்டச் சொன்னார். ரோஸி எழுத்தின் மேல் விரலை வைத்து, “சூசை” என்றாள். எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். சூசை. நெய்வேலி மின்சாரத்தையும் பொள்ளாச்சிச் சந்தையையும் தாண்டி எதையும் அதிசயம் என்று சொல்லாதவர், கடலை ஒரு நாளும் பார்க்காதவர். அவருடைய பெயரைக் கடலோரத்தில் ஒரு கூட்டமே தட்டுத் தடுமாறிச் சொன்னது. ரோஸி அடுத்த வார்த்தைக்கு விரலை நகர்த்தவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பாதிரியார், கடைசியில் இருக்கும் பெயருக்கு என்ன அர்த்தம் என்றார். வெட்டியவர் பிழையைச் சொல்லி, மாரி என்றால் மழை, ஊருக்கு வேண்டும் என்று அப்பா வைத்துக்கொண்டார் என்றாள் ரோஸி.

வெளியே சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பாதிரியார் ஜன்னலைப் பார்த்தார். “அதை எங்களுக்கு நீங்கள் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை” என்றார்.

7

மாவு காய்ந்தபடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து களி கிண்டினோம். போசியில் வைத்து மூடி எடுக்கும் நேரத்தில் கதவு தட்டினார்கள். ஜீன், முந்தின நாள் கேக் கொண்டுவந்த தட்டை வாங்க வந்திருந்தார்.

முதலில் வந்தவருக்கு முதல் உருண்டை. உட்கார வைத்து, சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டையைத் தட்டில் வைத்தாள் ரோஸி. ஜீன் அதைப் பார்த்தார். எல்லா விளக்கமும் அவருக்குத் தெரியும். மாவு என்று தெரியும், கம்பு என்று தெரியும். இருந்தாலும் ஸ்பூனைக் கையில் எடுத்தவர், கண்ணை மூடி, “ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றியை அருளட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைத்தார்.

மென்றார். கொஞ்சம் யோசித்தார்.

“உப்புப் போதவில்லை, ஹென்.”

ரோஸி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“எங்கப்பனும் இதையேதானுங்க சொல்லுவாரு” என்று தமிழிலேயே சொல்லி, இன்னொரு உருண்டை எடுத்து வைத்தாள்.